ஜாக்கியை உருவிட்டுப் போறேன்

என்னங்க, வந்ததும் கட்டில்ல பொத்துனு விழுந்துடாதீங்க. உடைஞ்ச காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கியை உருவிட்டுப் போறேன்.

வழியில டயர் பஞ்சர். காரை ஓரம் கட்டி, மத்த சக்கரத்துக்குக் கல்லு வச்சு, நட்டெல்லாம் தளர்த்திட்டு டிக்கியில ஜாக்கியைத் தேடு தேடுன்னு தேடினேன். அது இங்க மகராசனா நம்ம கட்டிலைத் தாங்கிட்டு நிக்குது! "ரெண்டே நாள், கார்பெண்டரைக் கூப்பிடறேன்"னு சொல்லி மாசம் ரெண்டாச்சு. கொளுத்துற வெயில்ல நடந்தே வந்தேன்.

சாப்பாடு மேஜை மேல மூடி வச்சிருக்கேன். கோபம் உங்க மேலதான், உங்க வயித்து மேல இல்ல.

போன் பண்ணாதீங்க. தூக்கி நிறுத்தின காருக்குப் பக்கத்துல நின்னுட்டு உங்ககிட்டச் சண்டை போட முடியாது.

ஒண்ணு விட்டுப்போச்சு: ஜாக்கி இனிமே டிக்கியை விட்டு இறங்காது. கார்பெண்டர் வர்ற வரைக்கும் கட்டிலோட அந்த மூலையை நீங்களே தாங்கிட்டு நில்லுங்க.