ஹில்டா கொடுத்த ஜெபக் குறிப்பு

ஊரப்பாக்கம்,
ஞாயிறு மாலை.

என் கண்மணி ஜெரூஷாவுக்கு,

ஆண்டவருடைய கிருபை டப்ளினில் உன் அறைக்குள்ளும் உன்னோடு இருக்கட்டும். போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை என்ன செய்வாய் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மனுஷர் தாம்பரம் மார்க்கெட் போனால் காய் வாங்குகிறாரோ இல்லையோ, ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார். சனிக்கிழமை நீ பேசும்போது அவர் ஸ்பீக்கரில் போடுவது எனக்காகத்தான். நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டு நிற்பேன். போன வாரம் இருமினாயே, கஷாயம் வைத்துக் குடித்தாயா?

நான் செய்ததை மறக்கவில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்த அன்று, யாரிடமும் சொல்லாதேம்மா என்று என் மடியில் அழுதாய். மறுநாளே கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து, எல்லோரும் உனக்காக ஜெபிக்கட்டும் என்று அதை ஜெபக் குறிப்பாகக் கொடுத்தேன். அவன் உன்னை அடித்தது வரைக்கும் சொன்னேன். ஆண்டவரிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன், பாவி. முப்பது பேர் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலிலேயே உன் கையைப் பிடித்து விசாரித்தார்கள். அப்போது என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வை இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் திருவிருந்து எடுக்கவில்லை. எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்க முன்னே போகும்போது முழங்கால் வலி என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன். பெற்ற மகள் மன்னிக்காதபோது எந்த முகத்தோடு கை நீட்டுவது? இன்று போதகர் எலியேசர் என் பெஞ்சுக்கே வந்து குனிந்து, தகுதி இருந்து இங்கே யாருமே வரவில்லை, எழுந்து வாங்கம்மா என்றார். போனேன். அப்பத்தைக் கையில் வைத்ததும் எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன் ஜெரூ. ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை.

அவர் மன்னித்தார், நீயும் மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. அது உன் மனசு. ஆனால் நீ இல்லாமல் இந்த வீடு எனக்கு வீடாக இல்லை.

சங்கத்தில் இப்போதும் ஜெபக் குறிப்பு கேட்கிறார்கள். ஜெரூஷாவுக்காக என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். மீதியை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் பத்திரமாக வைத்திருக்கட்டும். என்னிடம் பேச வேண்டாம். சனிக்கிழமை அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசு. எனக்குக் காது முன்னைப்போல் இல்லை.

உன் அம்மா,
ஹில்டா