நான் போடாத கையெழுத்து

அன்புள்ள தம்பி,

போனையும் தபாலையும் நம்பாமல், லீவு முடிந்து திரும்பும் உன் நண்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் படைக்கு வரும் புது ரேடியோவின் மென்பொருளை எங்கள் குழுதான் எழுதியது. பெட்டியைத் திறக்காமலே, மென்பொருளை மட்டும் மாற்றி அதை வேறு ரேடியோவாக்கிவிடலாம். போன வாரம் அதில், எழுதியது யாரென்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாத நாற்பது வரிகளைப் பார்த்தேன். சிக்னல் எதுவும் அனுப்பாமல் அமைதியாக இருக்கச் சொன்னாலும் ரேடியோ மணிக்கொரு முறை தான் இருக்கும் இடத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

மேலாளரிடம் போனேன்.

"டெஸ்டுக்குப் போட்டதும்மா. எடுத்துடுவாங்க."

"யாரு சார் போட்டாங்க?"

"உன் தம்பி எந்த யூனிட்ல இருக்கான்?" என்று சிரித்தபடி கேட்டார்.

உன்னைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை.

அவர் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே அந்த வரிகளைத் திறக்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று காலை ரேடியோக்கள் கிளம்பிவிட்டன. படிவத்தில், சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். அது யார் கையில் போய்ச் சேருமோ, தெரியவில்லை.

பதுங்கியிருக்கும்போது ரேடியோவை அணைத்தால் போதாது, பேட்டரியைக் கழற்றிவிடு. அக்கா பார்த்து அனுப்பியதுதானே என்று மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா