ஏரிக்குள் இறங்கிய அப்பா

விஸ்கான்சின்
ஜூன் 2, 1986

அன்புள்ள கேலனுக்கு,

கோரின் எழுதுவது. நானும் குழந்தைகளும் நலம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். கப்பலில் இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் உன் கண்ணில் அந்த வரிதான் முதலில் பட வேண்டும் என்று மேலேயே எழுதிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி.

போன வாரம் வேலி பார்க்கப் போன அப்பா, தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே ஒரு காட்டு வாத்துக் குஞ்சு. மஞ்சள் பஞ்சு மாதிரி இருந்தது, முதுகில் மட்டும் பாசி நிறம். ரோட்டோரப் பள்ளத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்ததாம். சுற்றுவட்டாரத்தில் தாயைக் காணவில்லையாம். வருஷா வருஷம் இதே வாத்துகளைச் சுட்டு நம் ஃப்ரீசரை நிரப்புகிறவர், அதற்கு அடுப்புப் பக்கம் பெட்டி வைத்து, புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதம்மா, அதுக்குக் குளிருது" என்றார். அப்புறம் அவர் எங்கே போனாலும் அது பின்னாலேயே ஓடியது. மாடில்லாத கொட்டகைக்குள் இருவரும் போய் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வனவிலங்குக் காவலர் வந்தாள். ரெனாட்டா கோவால்கி என்று பெயர், நம் வட்டாரத்துக்குப் புதிது. யார் சொன்னார்களோ தெரியாது. காபி கொடுத்தேன், குடித்தாள். பிறகு குஞ்சைக் கேட்டாள். நாடு விட்டு நாடு போகிற பறவைகளை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அமெரிக்காவும் கனடாவும் அந்தக் காலத்திலேயே போட்ட ஒப்பந்தமாம், அதை ஒட்டித்தான் சட்டமாம். முட்டை, கூடு, ஒரு இறகு கூட அதில் அடக்கமாம். அடிபட்டது, அனாதையானது என்று கையில் எடுத்தால் உடனே உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். மீறினால் அபராதம், ஜெயில்கூட உண்டாம்.

அப்பாவின் முகம் சிவந்துபோனது. "ஏம்மா, சீசன்ல நான் இதைச் சுட்டா நீ லைசென்ஸைப் பாத்துட்டு விட்டுடுவே. சாகக் கிடந்ததை எடுத்து வெச்சா ஜெயிலா?" என்றார்.

அவள் கோபப்படவில்லை. "மிஸ்டர் ஹெக்ஸ்டாட், இப்பவே உங்களை இது அப்பான்னு நினைச்சுட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா மனுஷங்களைப் பாத்தா ஓடணும்னே அதுக்குத் தெரியாது. இலையுதிர் காலத்துல துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்டயும் ஓடிப் போய் நிக்கும்" என்றாள். முடிந்தால் அதே வயதுக் குஞ்சுகள் இருக்கிற வாத்துக் குடும்பத்தோடு சேர்த்துவிடலாம், அவை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்றும் சொன்னாள். கூண்டு எடுக்க வண்டிக்குப் போனாள்.

அந்த இடைவெளியில்தான் அப்பா குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஏரிக்கு நடந்துவிட்டார். கூண்டில் அதைப் பார்க்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. நாங்கள் ஓடிப் போவதற்குள் கரையோரம் நீந்திய ஒரு குடும்பத்தின் நடுவே அதை விட்டிருந்தார். அந்தக் குஞ்சுகள் இதைவிட ரொம்பப் பெரியவை. ஆண் வாத்து பாய்ந்து வந்து, இதன் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் அமுக்கியது. இவ்வளவு அழகான பறவை அப்படிச் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

உன் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பூட்ஸோடு அப்படியே இறங்கினார். இன்னும் குளிர் விடாத தண்ணீர், கேலன். மார்பு வரைக்கும் போனார். இறக்கையால் அடி வாங்கிக்கொண்டே குஞ்சைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். அடுத்த நொடி அவர் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. கை மட்டும் மேலே நின்றது. ரெனாட்டா குதித்து இழுத்து வந்தாள். கரையில் அவருக்கு மூச்சில்லை. அந்தப் பெண்தான் மார்பை அமுக்கி அமுக்கித் திரும்பக் கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் மண்டியிட்டு பூட்ஸ் கழன்றுபோன அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த பூட்ஸ் எங்கே போனது என்று தெரியவில்லை.

டவுன் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இதயம் பலவீனமாக இருக்கிறதாம். தப்பிவிடுவார் என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

குஞ்சும் பிழைத்தது. மறுநாள் ரெனாட்டா அதை ஏரிக்கரையின் அடுத்த வளைவில் அதே அளவுக் குஞ்சுகளோடு விட்டாளாம். தாய் ஒருமுறை அலகால் தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டதாம். இதைச் சொல்லத்தான் மருத்துவமனைக்கே வந்தாள். வழக்கு எதுவும் எழுதவில்லை. அப்பா கேட்டுவிட்டு, "திரும்பிப் பாத்துச்சா?" என்றார். இல்லை என்றாள். "நல்லது. அப்படித்தான் போகணும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஏரியில் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. அவள் போனதும் என்னிடம், "கேலன் கப்பல் இப்ப எந்த ஏரியில இருக்கு?" என்று கேட்டார். மாடுகளை விற்றுவிட்டு நீ கப்பலேறிய நாளிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வந்து நான் கேட்டதில்லை. ஹியூரானாக இருக்கும் என்றேன். "அங்க காத்து ஜாஸ்தி" என்றார். பிறகு, உனக்கு எதுவும் எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காற்றும் அலையும் உன்னை ஒன்றும் செய்யாமல் கடவுள் கரை சேர்க்கட்டும். துறைமுகத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேரே மருத்துவமனைக்கு வா. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். நீ எதுவும் பேச வேண்டியதில்லை, அவரும் பேசமாட்டார். அவர் கண்ணில் படும்படி நில், போதும்.

என்றும் உன்,
கோரின்