ஆரஞ்சு ஜாடியில் ஊறிய நெல்லிக்காய்

நவம்பர் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தொலைக்கிறேன். கவிதாவுக்கென்று உருட்டி வைத்த வேர்க்கடலை உருண்டைகளைத் தின்றது எலி இல்லை. நான். எலிப்பொறி வாங்கி வரச் சொன்னாள் விஜயா. நானே கடைக்குப் போய், நானே பேரம் பேசி, நானே வாங்கி வந்தேன். பொறிக்குள் மசால்வடை வைத்திருக்கிறாள். வாசனை ஆளைக் கொல்கிறது. கடவுள்தான் காப்பாற்ற வேண்டும், எலியை இல்லை, என்னை.

மகளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து வந்தவளுக்கு ரத்தம் குறைவு, புரதம் போதாது என்று லேடி டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் நான்தான் டாக்டர். முட்டை என்றாலே ஓங்கரிக்கிறாள். மீன் கூடைக்காரம்மா தெருமுனையில் திரும்பும்போதே மூக்கைப் பொத்துகிறாள். ஆகவே எல்லாம் செடி கொடியிலிருந்துதான். வாரப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து எழுதி, அடுக்களைக் கதவில் ஒட்டி மூன்று வாரம் ஆயிற்று:

காலை: ஊறிய வேர்க்கடலை, ஒரு பிடி
11 மணி: முளைகட்டிய பச்சைப்பயறு. பின்னால் நெல்லிக்காய் 2
மதியம்: முருங்கைக்கீரை, துவரம்பருப்பு
மாலை: கொண்டைக்கடலை சுண்டல் (மீந்தால் அப்பாவுக்கு)

நெல்லிக்காயில் ஆன்டி-ஆக்ஸிடன்ட். உடம்பு துருப்பிடிக்காமல் காக்கிற சரக்கு. பருப்பு, கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டவும் அது வேண்டுமாம். இதை விஜயாவுக்கு நான் விளக்கியபோது, "துருப்புடிக்கிறதுக்கு அவ என்னா சைக்கிளா?" என்றாள்.

நெல்லிக்காய் உப்புத்தண்ணியில் ஊறும் ஜாடி என் உபயம். எங்கள் கம்பெனிச் சரக்கு. இந்த ஊரில் யார் காசு கொடுத்துப் பீங்கான் வாங்குகிறார்கள்? எல்லார் வீட்டிலும் காது கோணிய கோப்பை, வயிறு வீங்கிய கிண்ணம், மூக்கறுந்த பொம்மை. சூளையில் கோணினது எல்லாம் நமக்கு. இந்த ஜாடிக்குக் கழுத்து லேசாகச் சாய்வு, அவ்வளவுதான். நிறம் அப்படியே கனிந்த கிச்சிலிப் பழம், நல்ல ஆரஞ்சு. எதிர்வீட்டு அம்மா இரண்டு தரம் ஜாடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். கண்ணேறு பட்டிருக்கும்.

நவம்பர் 14, புதன்

எழுத்து கோழி கிளறின மாதிரி.

காலையில் பேக்கிங் பக்கம் ஒரு கட்டு ஸ்டிக்கர் வந்தது. ஆரஞ்சு ஜாடி ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டணும். சென்னைக் கடைக்காரர் கேட்டாராம். "அலங்காரத்துக்கு மட்டும். உணவுப்பொருள் வைக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் முதலாளியிடம் போனேன். சின்னவர், என்னை அண்ணே என்பவர்.

"என்னா மொதலாளி, ஜாடிக்கும் ஜாதகம் எழுதுறாங்களா?"

"இந்த ஆரஞ்சு கிளேஸுல, மேல்பூச்சுல, காரீயம் இருக்குதுண்ணே. கலரு அப்பதான் எடுக்கும். பூ வைக்கலாம், பேனா வைக்கலாம். புளிப்பு மட்டும் ஆவவே ஆவாது, இழுத்துக்கும். எலுமிச்சை, ஊறுகா மாதிரி எதுனா வெச்சா போச்சு. ஏன், வூட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"சேச்சே."

இத்தனை வருஷமாக இந்தக் கம்பெனியில் வைக்கோல் சுற்றி ஜாடி அடுக்குகிறவன். வெள்ளை ஜாடி ஊறுகாய்க்கு, கலர் ஜாடி ஷோகேஸுக்கு என்று எதிரில் வருகிறவனுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். கழுத்து சாய்ந்ததை இலவசமாகக் கண்டதும் எல்லாம் மறந்துபோச்சு. உப்பும் புளிப்பும் எவர்சில்வரில் வைத்தால் ஆகாது, ஜாடிதான் சரி என்று விஜயாவுக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

அரை நாள் லீவு. சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. வீட்டில் விஜயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேராக அடுக்களை. நெல்லிக்காயைச் சாக்கடையில் கொட்டினேன். ஜாடியைக் கொல்லையில், துவைக்கிற கல்மேல் போட்டேன்.

"என்னாங்க சத்தம்?"

"கை தவறிடுச்சி."

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல ஜாடிய ஒடைக்கிறீங்களே! நல்லதுக்கா இது?"

அவள் சகுனத்துக்குப் பயந்தாள். நான் காரீயத்துக்குப் பயந்தேன். உடைந்த ஓட்டின் உட்பக்கம் உப்புத்தண்ணி நின்ற மட்டம் வரை பளபளப்பு செத்து, சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருந்தது. அந்தப் பளபளப்பெல்லாம் எங்கே போயிருக்கும்?

கவிதா கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நெதம் நெல்லிக்கா சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்பா." டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தாம்பா. நீதான் கதவுல எழுதி ஒட்டிக்கிறியே."

விஜயா தொடுவதில்லை, வயிற்றுப்புண். நானும் தொட்டதில்லை, ரெண்டு வேளை குடிக்கிற மோரைத் தவிர எனக்கு வேறு புளிப்பே ஆகாது. நல்லவேளை என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நொடிக்கு என்னைச் செருப்பால் அடிக்கணும்.

நவம்பர் 15, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர். போயிருக்கக் கூடாது. தடுப்புக்குள் உட்கார்ந்து 'காரீயம், கர்ப்பிணி' என்று தேடச் சொன்னேன். சென்டர்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வந்ததெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷே போதுமாக இருந்தது. தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகும். மூளை. வளர்ச்சி. குறைப்பிரசவம். அதற்கு மேல் படிக்கவில்லை. தாய்க்குத் தெரிகிற அறிகுறிகள்: அசதி, தலைவலி, மலச்சிக்கல், வயிற்றுவலி.

எட்டு மாத கர்ப்பிணிக்கு இதில் எது இல்லை?

வீட்டுக்கு வந்தால் விஜயா சொல்கிறாள்: "பொண்ணு ரெண்டு நாளா வெளிக்குப் போவலயாம். வாழப்பழம் வாங்கியாங்க." கடையில் ஒரு சீப்பு கேட்டேன். முகத்து மழைத்தண்ணியைத் துண்டால் துடைத்தேன். கடைக்காரர் நான் அழுகிறேன் என்று நினைத்து நல்ல சீப்பாகக் கொடுத்தார். அழவில்லை. கிட்டத்தட்ட.

எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. பயம்தான்.

நவம்பர் 16, வெள்ளி

இன்றைக்குப் பார்த்தா சம்மந்தியம்மா வரணும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தனியார் பஸ்ஸில், மடியில் முறுக்குத் தூக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் மருமகள் ஓடிப்போன கதையை எனக்கு முழுசாகச் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் நான் அதில் கை, கால், மூக்கு வைத்துத் தெரு பூரா அனுப்பியிருப்பேன். இன்றைக்கு "அப்படிங்களா" என்பதோடு சரி.

அடுக்களைக் கதவைப் பார்த்தார். படித்தார்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"ஒங்க சம்மந்திதான்," என்றாள் விஜயா. பெருமையா, கேலியா, தெரியவில்லை.

"பரவால்லியே! எங்க வூட்டுல ஆம்பளைங்களுக்கு உப்பு எங்க இருக்குதுன்னே தெரியாது. எங்களுக்கு மொதோ பேரப்புள்ள, சம்மந்தி. ஒங்க கையில உட்டுட்டோம். எனக்கு ஒரு கவலையும் இல்ல."

கவலை இல்லையாம். நான் முறுக்கைக் கடித்தேன். பல்லுக்குப் பீங்கான் மாதிரி இருந்தது.

நவம்பர் 17, சனி

வெயில். யாரிடமும் சொல்லாமல் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். கடன் வாங்கி ஏமாற்றினவன், ஆடு திருடினவன், கட்டினவளை விட்டு ஓடினவன், எல்லார் மேலும் இங்கே பிராது உண்டு. பேப்பரில் எழுதிக் கொடுத்தால் சாமி விசாரிக்கும். குறை என்ன, யார் செய்தது, ஆளும் ஊரும் எழுதணும். குறையை எழுதிவிட்டேன். செய்தவன் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. கடைசியில் என் பெயரையே எழுதினேன். ஊர்: இதே ஊர். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த திட்டக்குடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க, கொடுக்கிறவரு பேரும் ஒன்னுதான், எதிராளி பேரும் ஒன்னுதான். மாத்தி எழுதிட்டீங்களா?"

"சரியாத்தாங்க எழுதிக்கிறேன்."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து நேராக லேடி டாக்டர். சாமியிடம் சொன்னதைவிட டாக்டரிடம் சொல்வது கஷ்டம். சாமி திருப்பிக் கேட்காது.

"ஜாடிய யாரு கொண்டுவந்தது?"

"நாந்தாங்க டாக்டர்."

"எங்க வேலை பாக்குறீங்க?"

"செராமிக்லங்க."

பேனாவை மூடி வைத்தார். "அங்கயேவா?"

"அங்கயேதாங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போதே எதுவும் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்பணும், நாளாகும் என்றார். "அளவு கூட இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அதுக்குள்ள பருப்பு, கீரை, பயறு எதையும் நிறுத்தாதீங்க. சத்து இருந்தா உடம்பு அதை அவ்வளவா ஏத்துக்காது. நெல்லிக்காய் தப்பில்ல சார். ஜாடிதான் தப்பு."

நெல்லிக்காய் தப்பில்லை. ஜாடியும் தப்பில்லை, பூ வைத்திருந்தால்.

நவம்பர் 19, திங்கள்

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை டெஸ்ட் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன்.

"அதான் போன மாசம் எடுத்தாங்களேப்பா?"

"இது வேற சர்க்கரைம்மா."

"எத்தினி சர்க்கரைப்பா இருக்குது?" சிரித்தாள். சிரிக்கும்போது வயிறு குலுங்குகிறது. உள்ளே உதைக்கிறதாம், என் கையை எடுத்து அங்கே வைத்தாள். உதைத்தது. கை சுட்ட மாதிரி எடுத்துவிட்டேன். கவிதாவுக்கு முகம் வாடிவிட்டது.

நவம்பர் 21, புதன்

ரிசல்ட் இல்லை. மணிமுத்தாற்றில் செந்தண்ணி ஓடுகிறதாம், ஊரே பாலத்தில் நிற்கிறது. நான் போகவில்லை. ஆரஞ்சாகத் தெரியும்.

கம்பெனியில் ஸ்டிக்கர் ஒட்டினேன். நானே, ஒவ்வொன்றாக, அழுத்தி. முதலாளி வந்து, "இவ்ளோ அழுத்தாதீங்கண்ணே, ஜாடி ஒடைஞ்சிடப்போவுது" என்றார்.

மாப்பிள்ளை சென்னையிலிருந்து போன். டவர் இல்லை, மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன். "மாமா, கவி சொல்லிச்சி, நீங்கதான் எல்லாம் பாத்துப் பாத்து குடுக்குறீங்களாமே. ரொம்ப தேங்க்ஸ் மாமா." நல்ல பையன். எதிரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். கீழே வந்ததும் விஜயா பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு என்னா ஆச்சி? வம்பு பேசி ஒரு வாரம் ஆவுது. எதிர்வூட்டம்மா வந்து, ஒங்க வூட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியலயான்னு கேக்குறாங்க."

சொல்லிவிட்டேன். ஜாடி, காரீயம், டெஸ்ட், எல்லாம். அவள் கத்தவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது. பிறகு, "அவளாண்ட சொல்லாதீங்க. ரிசல்ட்டு வரட்டும்" என்றாள். மறுபடி உருவ ஆரம்பித்தாள். ஏதோ சொல்ல வருகிறாள், முழுங்கிக்கொள்கிறாள். என்மேல் கோபம்தான்.

நவம்பர் 23, வெள்ளி

காலையில் டாக்டர் வீட்டிலிருந்து போன். வரச் சொன்னார். கொளஞ்சியப்பா என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார். ரொம்பக் குறைவு. யார் ரத்தத்துலயும் இருக்கிற அளவுதான். பயப்படாதீங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா தண்ணி கொடுத்தாங்க. குடிக்கவில்லை, சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

"அத்தினி வாரம் சாப்ட்டும் ஏறலீங்களா டாக்டர்?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றார்.

அரைக் கிலோ அல்வாவோடு வீடு. கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதும் சிரித்தும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, திட்டக் கூடாது. அத நான் வாயிலயே வெக்கல. பல்லு கூசும். நீ ஆசையா எழுதி ஒட்டிக்கிறியேன்னு சாப்ட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்போ ஜாடியில தெனம் கொறஞ்சிதே?"

"அம்மாகிட்ட குடுத்துடுவேன்."

விஜயாவுக்கு வயிற்றுப்புண். நெல்லிக்காய் தொடமாட்டாள். அவளைப் பார்த்தேன். அடுக்களைக் கதவில் சாய்ந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கே சொல்ல பயமா இருந்திச்சிங்க. வீணா கொட்ட மனசு வரலீங்க. நல்ல சத்துன்னு நீங்கதான சொன்னீங்க? அரைச்சி ஒங்க மோருல ஊத்திட்டேன். காலையில ஒரு டம்ளரு, சாயந்தரம் ஒரு டம்ளரு."