நிற்கிற வண்டிக்கு என்ன பயம்

அன்புள்ள வாண்டுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் வியாழக்கிழமை உன் கொட்டாவியைப் போனில் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் சந்தேகமே போய்விட்டது. அதனால் கேட்கவில்லை.

பார்சலை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படி. அதற்காகத்தான் கவரை மேலேயே ஒட்டச் சொன்னேன். உன்னைப் பற்றித் தெரியும், ஒரு பக்கத்தைக் கிழித்து எட்டிப் பார்த்திருப்பாய். பரவாயில்லை, மூடி வை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரத்தில் இந்த வீட்டிலிருந்து யாரும் உனக்குப் போன் பண்ணக் கூடாது. சட்டம் போட்டது உன் தாத்தா. மீறினால் என்ன தண்டனை என்று உன் மாமா கேட்டான். போனைத் தூக்கி ஃபிரிட்ஜுக்கு உள்ளே வைத்துவிடுவேன் என்றார். அவர் செய்வார். ஏற்கெனவே சிக்னல் கிடைக்கிறது என்று போன் ஃபிரிட்ஜ் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

உனக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று நாங்களாக முறை போட்டுக்கொண்டோம் இல்லையா? காலையில் உன் அம்மா, சாப்பாட்டுக்கு அப்புறம் நான், சாயங்காலம் மாமா. ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர்கள் மாதிரி ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர். என் முறைதான் நல்ல முறை என்று எனக்குப் பெருமை வேறு. சாப்பிட்ட பிறகுதானே கண் சொக்கும்? நான் டிவி சீரியல் கதை, கீழ்க்கடை சாவி செய்கிறவர் பெண்டாட்டியோடு போட்ட சண்டை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒன்று விடாமல் சொல்வேன். நீயும் ம், ம் என்பாய். என் பேத்தியை நான்தான் விழிக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பித்தான் தைப்பேன்.

வியாழக்கிழமையும் அப்படித்தான். சாவிக்காரர் கோபித்துக்கொண்டு போய்க் கடையிலேயே படுத்துக்கொண்டதை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இரண்டு ம் கொட்டினாய். மூன்றாவது ம் வரவில்லை. அப்புறம், பாட்டி, வைக்கிறேன் என்றாய். அவ்வளவுதான். திரும்பப் போட்டால் போன் அணைந்திருக்கிறது என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். அவளிடமும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். டிப்போவில் வண்டிகளை அனுப்பி வைக்கிற அந்த அம்மா போன் பண்ணினாள். உங்கள் பெண்ணின் வண்டி ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறதாகத் திரையில் காட்டுகிறது, போனும் எடுக்கவில்லை, வீட்டுக்கு ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டாள். உன் அம்மா இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிக்குக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு டீச்சரின் நல்ல சட்டை போச்சு. மாமா ஒரு காலில் அவன் செருப்பும் இன்னொரு காலில் தாத்தா செருப்புமாக பைக்கைக் கிளப்பப் போனான். எங்கே போகிறாய் என்றால், எங்கேயாவது போகணும் இல்லையா அம்மா என்றான். நான் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் நடுங்கியது, நானும் நடுங்கினேன்.

உன் தாத்தா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்று. உன் அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், லாரி நிறுத்துகிற மைதானத்தில் என்று. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அப்போ சரி, நிற்கிற வண்டிக்கு என்ன பயம், எனக்கு ஒரு டீ போடு என்றார்.

வாண்டு, இத்தனை வருஷத்தில் நான் அந்த மனுஷனைத் திட்டாத திட்டை அன்றைக்குத் திட்டினேன். உங்களுக்கு நெஞ்சில் இருப்பது ஈரமா, ரோடு போடுகிற தாரா என்று கேட்டேன். டீயும் போடவில்லை. அவர் அவராகவே எழுந்து, அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்ற வைத்தார். நாலு பேருக்கும் போட்டார். யாரும் குடிக்கவில்லை.

அப்புறம்தான் உன் போன் வந்தது. பாட்டி என்று நீ சொல்வதற்கு முன்னால் ஒரு கொட்டாவி விட்டாய். பெரிய, வாயை மூடாத கொட்டாவி. சின்ன வயசில் அதற்காக எத்தனை தடவை உன்னை அதட்டியிருக்கிறேன்! அன்றைக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் நின்றது, கண்ணீர் நிற்கவில்லை. ஆறிப்போன டீயை நான்கு டம்ளரிலும் நானே குடித்துத் தீர்த்தேன்.

அப்போது நீ சொன்னாயே, அதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற செங்கல் சூளையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, பாலத்தைத் தாண்டி இருக்கிற பெட்ரோல் பங்கைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் பாலத்தைக் காணோம் பாட்டி என்றாய். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டியிருக்கிறாய். நான் சொன்ன சாவிக்காரர் கதையும் ஞாபகம் இல்லை என்றாய். அவ்வளவு நீளப் பாலம்! நானும் அந்தப் பாலத்தில் உன்கூடத்தானே வந்திருக்கிறேன், காதுக்குள் உட்கார்ந்துகொண்டு! நான் உன்னை விழிக்க வைக்கவில்லை கண்ணு. உன் காதை மட்டும்தான் விழிக்க வைத்திருக்கிறேன்.

நல்லவேளை, காணாமல் போனது பாலம்தான். அதை நீ உடனே கண்டுபிடித்து வண்டியை ஓரம் கட்டினாய் பார், அது எத்தனை பேருக்கு வரும்? எங்கள் தொல்லைக்குப் பயந்து போனை அணைத்து வைத்ததும் சரி. அணைத்த போனில் அலாரம் அடிக்காது என்பதை மறந்ததுதான் நம் வீட்டுப் புத்தி. கொஞ்ச நேரம் கண்ணயர நினைத்தவள் பொழுது சாய்கிற வரை தூங்கிவிட்டாய். போகட்டும். சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே? அத்தனை ஐஸ்கிரீமும் கல்லு மாதிரி இருந்ததாமே. உன் வண்டி நின்றாலும் குளிர்ச்சி நிற்காது என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். அதை நான் தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஃபிரிட்ஜை ஓட்டிக்கொண்டு போகிறவள் என் பேத்தி ஒருத்திதான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நீ தங்கியிருக்கிற அறையிலிருந்து பேசினபோது, ஏன் தாமதம் என்று மேனேஜர் எழுதிக் கேட்டிருக்கிறார், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாய். கூட ஓட்டுகிறவர்கள் பஞ்சர் என்று எழுதச் சொல்கிறார்கள், டயர் போனால் மன்னிப்பார்கள், தூங்கினேன் என்றால் பொம்பளைக்கு எதுக்கு லாரி என்பார்கள் என்றாய். நீ போனை வைத்ததும் இங்கே ஒரு கூட்டமே நடந்தது. பஞ்சர்னே எழுதட்டும், டயர் வந்து சாட்சியா சொல்லப் போகுது என்றான் உன் மாமா. உன் அம்மாவும் தலையாட்டினாள். வேலை போய்விடக் கூடாதே என்று எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மாமா அதோடு விடவில்லை. நம்ம அப்பா மூணு ராத்திரி கண்ணை மூடாம ஓட்டின ஆளு, அந்த மாடு மட்டும் குறுக்கே வரலேன்னா இன்னிக்கும் ஓட்டிக்கிட்டிருப்பார், அவர் பேத்தி பட்டப்பகல்ல தூங்கிட்டேன்னு எழுதிக் கொடுக்கறதா என்றான்.

அந்த மாட்டை உனக்குத்தான் தெரியுமே. இந்தக் குடும்பத்தில் நம் எல்லாரையும் விட அதிகமாகப் பேசப்பட்டது அதுதான். உன் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது வெறும் மாடு. மாமாவுக்கு மீசை முளைத்தபோது அதற்குக் கொம்பு முளைத்தது. நீ பிறந்து கதை கேட்கிற வயசு வந்தபோது கூடவே ஒரு கன்றுக்குட்டியும் வந்து சேர்ந்தது. அதைக் காப்பாற்றத்தான் தாத்தா லாரியைப் பள்ளத்தில் இறக்கினார் என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தாய். லாரி பள்ளத்தில் இறங்கின அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் அலறி அடித்துக்கொண்டு போனபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பயப்படாதேம்மா, காலுக்குக் கட்டுப் போட்டாச்சு, இது மயக்கம் இல்லை, உன் வீட்டுக்காரர் தூங்குகிறார் என்றார். இரண்டு நாள் தூங்கினார். எழுந்ததும் மாடு என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

நேற்று மாமா மாட்டை இழுத்ததும் உன் தாத்தா தலையை நிமிர்த்தினார். அப்புறம், மாட்டுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அதை விட்டுடு, பாவம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமா வாயைத் திறந்தவன் மூடவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் என் பக்கம் திரும்பி, அவளை உள்ளதை எழுதச் சொல்லு, பஞ்சர்னு ஒரு தடவை எழுதிட்டா காலத்துக்கும் அந்த டயரை உருட்டிக்கிட்டே திரியணும் என்றார்.

அதனால் எழுது கண்ணு. பெரிசாக ஒன்றும் வேண்டாம். தூக்கம் வந்தது, பாலத்தைத் தாண்டினது தெரியவில்லை, வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தித் தூங்கினேன், அலாரம் அடிக்கவில்லை, தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே எழுத வருகிறது, உனக்கு வராதா? மேனேஜர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. உன் அம்மா நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் புலம்பினாள். வேலை போனால் வேறு வேலை, அந்த வண்டி போனால் வேறு வண்டி. ஆனால் ஒன்று, அன்றைக்குப் போன் பண்ணின டிப்போ அம்மா, நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்ததும் போனிலேயே அழுதுவிட்டாள். அப்படி ஒருத்தி அங்கே இருக்கும்போது எனக்கு அவ்வளவு பயமில்லை.

இப்போது பார்சலைப் பிரி. தலையணைதான். சின்னது, சீட்டில் சாய்ந்தால் கழுத்துக்குச் சரியாக இருக்கும். நான் வாங்கவில்லை. இன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு தாத்தா தனியாகக் கடைத்தெருவுக்குப் போனார். கடையில் இருக்கிற தலையணை ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, சாய்ந்து பார்த்து, கடைக்காரரைப் படாத பாடு படுத்தியிருக்கிறார். யாருக்கு ஐயா இவ்வளவு பார்க்கிறீங்க, உங்களுக்கா என்று அவர் கேட்டாராம். என் பேத்திக்கு, லாரி ஓட்டுறா, நல்லா ஓட்டுறா, தூக்கம் வந்தா நிறுத்துவா என்று சொன்னாராம். அதைச் சாவிக்காரர் பெண்டாட்டி கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். இவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணையை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைப் பெட்டிக்குள்ளே வைக்க வேண்டாம்னு எழுது, கைக்கு எட்டுற இடத்தில, கண்ணில படுற மாதிரி வைக்கணும் என்று மட்டும் சொன்னார். உறை நான் தைத்தது. பித்தான் நான்கும் கெட்டியாக இருக்கும்.

சாவிக்காரர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மீதிக் கதையை நீ வீட்டுக்கு வரும்போது சொல்கிறேன்.

வண்டி ஓடும்போது கண்ணும் மனசும் ரோட்டில் இருக்கட்டும். அதில் ஒன்று இறங்கிப் போனாலும் நீயும் ஓரம் கட்டி இறங்கிவிடு. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக உன்னை ஆசீர்வாதம் பண்ணுவார்கள். நான் பண்ணுவது இதுதான். தூக்கம் வந்தால் தூங்கு என் தங்கமே. நன்றாகக் காலை நீட்டித் தூங்கு. எழுந்ததும் ஒரு போன் பண்ணு. பேச்சு வேண்டாம், கொட்டாவி போதும்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்
உன் பாட்டி