மல்லி என்று நான் காட்டிய பறவை

இன்று காலை கீழ்வீட்டில் அடுப்பில் எதையோ தீயவிட்டுவிட்டார்கள். அந்த நெடி சமையலறை ஜன்னல் வழியாக ஏறி வந்ததும், பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே ஓடிப்போய் சீட்டியின் கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். வாயில் நுரையோடு நின்ற என்னை, துணி காயப்போட வந்த பெண் ஒருமாதிரி பார்த்தார். கருகியது வெறும் பால்தான் என்று அவர்தான் சொன்னார். அதற்குப் பிறகும் அரைமணி நேரம் நான் இறங்கவில்லை. சீட்டியின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நானும், சதுரங்கப்பட்டினத்திலிருந்து கம்பெனி கார் ஓட்ட வந்த நீயும் இந்தப் படூர் வீட்டில் ஆறு வருடம் சேர்ந்து இருந்தோம். நீ வரும்போதே சீட்டியையும் மல்லியையும் கொண்டுவந்தாய். சாம்பல் நிறம், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. காக்டீல் என்ற கிளி வகை என்று சொன்னாய். சீட்டி ஆண், நாள் முழுக்க விசிலடிக்கும். மல்லி பெண், சத்தமே கிடையாது. நீ வேலை முடிந்து வந்ததும் உன் காலர் மேல் ஏறி உட்கார்ந்தால் தூங்கப்போகும்வரை இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீ அவற்றுக்குத் தின்பண்டம் செய்வாய். தினையையும் ஓட்ஸையும் பொடித்து, வேகவைத்த கேரட்டை மசித்துப் போட்டு, முருங்கைக்கீரையை நறுக்கிச் சேர்த்து, முட்டையை ஓட்டோடு அரைத்து ஊற்றிப் பிசைவாய். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, சின்ன ஓவனில் குறைந்த சூட்டில் உலர வைப்பாய். ஒருமுறை நான் கொஞ்சம் உப்பு போடலாமே என்றேன். அப்போதுதான் உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. "எனுக்கும் உப்பு கெடையாது, அதுங்களுக்கும் கெடையாது. மூணு பேரும் ஒரே பத்தியம்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமையலறையில் நீ போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். நான் தோசைக்காக வாங்கிவந்த நான்ஸ்டிக் தவாவை அன்றைக்கே காகிதத்தில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாய். அது அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை மனிதனை ஒன்றும் செய்யாவிட்டாலும் பறவையைக் கொன்றுவிடும் என்றாய். நான் தலையாட்டினேன்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன் அக்கா உன்னோடு பகலில் இருந்தார். மாலையில் நான் வருவேன். மூன்றாம் நாள் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், சிறுநீரகத்தோடு இதயமும் தளர்ந்துவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்றார். உன் படுக்கைக்குத் திரும்பி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார் என்றேன். நீ நம்பியதுபோல் இருந்தது.

அந்த வாரம்தான் அது நடந்தது. உருண்டை தீர்ந்துவிட்டது. மாவைப் பிசைந்து உருட்டி வைத்தபோது கரண்ட் போய்விட்டது. மாவு புளித்துவிடுமே என்று பரணிலிருந்து அந்தத் தவாவை எடுத்தேன். சிறு தீயில் ஐந்து நிமிடம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உருண்டைகளை எடுத்துத் தட்டில் கொட்டும்போது ஆபீசிலிருந்து போன். பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனேன். காலித் தவா அடுப்பிலேயே இருந்தது.

சீட்டியின் விசில் நின்றதுதான் முதலில் உறைத்தது. ஓடிவந்து பார்த்தால் மல்லி கூண்டின் அடியில் சிறகு விரிந்து கிடந்தது. சீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இரண்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவரிடம் வண்டியை விரட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டிக்குள் ஏதாவது அசைகிறதா என்று காதை வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து மல்லியைத் தனியாக எடுத்து வைத்தார். சீட்டிக்கு மட்டும் ஆக்சிஜன் வைத்தார்.

திரும்பும்போது சுற்றிப் போய், முட்டுக்காட்டில் கழிமுகக் கரையோரம் ஒரு பூவரச மரத்தடியில் மல்லியைப் புதைத்தேன். மண்ணை மூடும்போதே உன் வீடியோ அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. பிறகு நானே பேசி, இரண்டும் நன்றாக இருக்கின்றன, தூங்குகின்றன என்றேன். நாலு நாள் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். உன் இதயம் இருந்த நிலைமையில் உண்மையைச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். என் மேல் உனக்கு என்ன தோன்றுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. நீ வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், பறவைக் கடையில் மல்லியைப் போலவே இருந்த ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்து கூண்டில் விட்டேன்.

நீ வந்தாய். கூண்டைத் திறந்து விரலை நீட்டினாய். அது பின்வாங்கி மூலைக்குப் போனது. நீ ஒன்றும் கேட்கவில்லை. கூண்டை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாய். மறுநாளும் கேட்கவில்லை. அந்த ஒன்றரை நாள் நான் உன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து நடந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"இது மல்லி இல்ல மச்சான். அது எப்டி செத்துச்சி, அத்த மட்டும் சொல்லு."

சொன்னேன். தவாவை, போனை, அட்டைப்பெட்டியை எல்லாம் சொன்னேன். புதைத்த இடத்தைக் காட்டு என்றாய். ஆட்டோவில் போனோம். பூவரச மரத்தடியில் நீ உட்கார முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தண்ணீரில் சுற்றுலாப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"குருவி செத்தத்தயே இவ்ளோ அழகா மறைச்சிகினு இருந்த. வேற இன்னா மறைக்கிற?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. டாக்டர் தாழ்வாரத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு உன் கை என் தோளைத் தேடி வந்து அழுத்தியது. "பயமா இருந்தா பயமா கீதுன்னு சொல்லு. நானும் சொல்றேன். ரெண்டு பேரும் நடிச்சிகினு இருந்தா பேஜாரு" என்றாய். இனிமேல் மறைக்கமாட்டேன் என்றேன். டாக்டர் சொன்னதை அன்றைக்கே அக்காவுக்கும் நீயே போன் செய்து சொல்லிவிட்டாய்.

புதிதாக வந்ததை நீ வெறுக்கவில்லை. அதற்கும் சேர்த்து உருண்டை செய்தாய். சாமான்களை நீ சொல்லச் சொல்ல நான் உருட்டினேன். தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாய். உனக்குப் பின் உன் பெரியப்பா மகன் அந்தப் புதுப் பறவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சீட்டி என்னிடம் தங்கிவிட்டது.

கடைசிக் காலை உனக்கு நினைவிருக்காது. மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அக்கா டிபன் வாங்கக் கீழே போயிருந்தார். திடீரென்று உனக்கு மூச்சு திணறியது. நர்சுகள் ஓடிவந்தார்கள். நீ என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "மச்சான், பயமா கீது" என்றாய். எனக்கும்தான்டா என்றேன். நீ பிடியை விடவில்லை. பிடி தானாகத் தளர்ந்தபோது அக்கா கையில் இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். தூக்கத்திலேயே போய்விட்டான் என்றேன். பூவரச மரத்தடியில் உனக்குக் கொடுத்த வாக்கை அந்த நொடியே மீறினேன்.

இன்று மாடியில் நின்றபோது இனியும் இதைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தேன். மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அவன் தூங்கவில்லை அக்கா, ரொம்பப் பயந்தான், என் கையைப் பிடித்திருந்தான் என்றேன். மறுமுனையில் நடை நின்றது தெரிந்தது. தெருச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நீ கைய வுடலியே?" என்றார்.

"இல்லக்கா. விடல."

"அது போதும்பா" என்றார். அப்புறம் அழுதார். நானும் அழுதேன். ஒன்றரை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இப்போதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.