படத்தில் இல்லாதவளின் கிட்னி

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போன பிறகும் சேலையூரில் பால் வண்டி வருகிறது, பஸ் வருகிறது. தண்ணீர் லாரிக்காரர் இன்னும் நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே ஹாரன் அடிக்கிறார். எனக்குத்தான் எல்லார் மேலும் எரிச்சலாக வருகிறது. உன் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு போனால், "வெச்சுட்டுப் போம்மா" என்கிறார். மறுநாள் பாத்திரம் திறக்காமலே இருக்கிறது.

இரண்டு கிட்னியும் போய்விட்டன என்று உனக்குச் சொன்ன அன்றே, நான் தருகிறேன் என்றேன். "பைத்தியமாடி உனக்கு? இன்னா, கத்திரிக்காயா காம்பவுண்ட் செவுத்து மேல வெச்சுட்டுப் போறதுக்கு?" என்று கத்தினாய். பிறகு அழுதாய். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. உனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, பிள்ளையும் இல்லை. பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரரும் சரி என்றார். டெஸ்ட் எல்லாம் எடுத்து, பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி குதித்தேன்.

ரத்த சொந்தம் இல்லாதவள் கொடுத்தால் அனுமதிக் குழு விசாரிக்குமாம். பாசத்தால்தான் தருகிறேன், பணத்துக்காக இல்லை என்று காட்ட வேண்டுமாம். பழைய போட்டோ கேட்டார்கள். கிறிஸ்துமஸ், பொங்கல், உன் கல்யாண நாள், கோவளம் போனது என்று அத்தனையும் அள்ளிக்கொண்டு போனேன். ஒன்றில்கூட நான் இல்லை, அக்கா! "உனக்குத்தான் கை ஆடாது, நீயே எடு" என்று ஒவ்வொரு தடவையும் போனை என் கையில் திணித்தவள் நீ. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

"இதுல நீங்க எங்கம்மா?"

"எடுத்ததே நான்தான் சார்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

இன்னும் ஆதாரத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நேரே டாக்டரிடம் ஓடினேன். "மெடிக்கலா ஒரு தடையும் இல்லம்மா. நாளைக்கே செய்யலாம். ஆனா அவங்க அனுமதி இல்லாம கத்தி வெச்சா, நான் ஜெயிலுக்குப் போகணும்" என்றார். அவரை எப்படித் திட்டுவது?

குழுவைத் திட்டலாம் என்றால், அன்று வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த ஆள் சொல்லிக்கொடுக்க, யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் பயம். அந்தச் சட்டம் அவளுக்காகத்தான் என்று எனக்கும் புரிந்தது. அவளைக் காப்பாற்றுகிற சட்டம் உன்னை ஏன் சாகவிட வேண்டும்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த கூட்டம் வருவதற்குள் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு, நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள். எனக்கு வாயில் வந்ததை உன்னிடம் சொல்ல மாட்டேன், நீ கோபப்படுவாய்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. குளிக்கும்போது முதுகுப்பக்கம் கை போனால் அப்படியே நின்றுவிடுகிறேன். வேண்டியது இங்கேயே இருந்ததே, ஒரு சுவர் தள்ளி!

நான் செத்த பிறகு என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளட்டும் என்று பதிவு செய்துவிட்டேன். யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க, ஏன் கொடுக்கிறாய் என்று யாருமே என்னைக் கேட்கவில்லை. அதுவரைக்கும் உப்பைக் குறைத்து, தண்ணீர் நிறையக் குடித்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். உனக்கென்று எடுத்துவைத்தது அது. கெட்டுப்போக விடமாட்டேன்.

எந்தச் சட்டத்திலும் இல்லாத உன் தங்கை,
வசந்தி